டிவியின் முதுகுச் சூடு

வீட்டுக்குள் நுழைந்ததும் செக்கரம்மா கோட்டைக் கழற்றமாட்டாள், தலையில் சுற்றிய மப்ளரை அவிழ்க்கமாட்டாள். நேரே கூடத்து மூலைக்குப் போய் டிவியின் முதுகில் உள்ளங்கையை வைப்பாள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். அன்று திங்கட்கிழமை, மாலை ஐந்தரை மணி. டிவி வெதுவெதுவென்று இருந்தது.

"குட்டி! இங்க வா!"

டவுன் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் பரிசோதனை செய்கிறவள் அவள். டிரைவர், கண்டக்டர், காய்கறி மார்க்கெட் என்று எல்லாருக்கும் அவள் செக்கரம்மாதான். தூங்குகிற மாதிரி நடிக்கிறவன், ஜன்னலுக்கு வெளியே எதையோ தொலைத்தவன் போலப் பார்க்கிறவன், கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறவன், மூன்று பேரையும் படியில் ஏறும்போதே எடைபோட்டுவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் எழுதிய அபராதச் சீட்டு ஒன்றைக்கூடக் கிழித்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டிலேயே ஒரு பதின்மூன்று வயசுப் பொடிசு டிமிக்கி கொடுப்பதென்றால் எப்படி இருக்கும்?

மகள் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு. பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு மூன்று வேலை: கொடியில் காயாமல் கிடக்கும் துணிகளை உள்ளே எடுத்துப் போடுவது, நாலிலிருந்து ஐந்து வரை புல்லாங்குழல் பயிற்சி, பிறகு இரவுச் சமையலுக்குக் கிழங்கு சீவுவது.

"டிவி பாத்தியா?"

"பாக்கலைம்மா."

"பயிற்சி பண்ணியா?"

"ஒரு மணி நேரம் பண்ணேன். அட்டையில எழுதியிருக்கேன். நீ கையெழுத்துப் போடணும்."

இவ்வளவு பச்சையாகவா! சூடு ஆறாத டிவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்! அந்த டிவி இந்தக் காலத்துத் தட்டை டிவி இல்லை. முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் இரண்டு ஆள் சுமக்கவேண்டிய கூடு. யாரோ வாடிக்கையாளர் புது டிவி வாங்கியதும் இதை வேண்டாமென்று தள்ள, குழாய் ரிப்பேருக்குப் போன அவள் புருஷன் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். போட்டால் படம் தெளிய பத்து நிமிஷம் ஆகும், அணைத்தால் ஆற முக்கால் மணி நேரம் ஆகும். செக்கரம்மா இதைக் கடிகாரம் வைத்தே அளந்திருக்கிறாள். ஐந்தரைக்கு இந்தச் சூடு என்றால் ஐந்து மணி வரை ஓடியிருக்கிறது. அதாவது பயிற்சி நேரம் முழுக்க.

"நாளைக்குப் பாக்கலாம்," என்று அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

அந்த அட்டைதான் இப்போது வீட்டில் பெரிய விஷயம். புல்லாங்குழல் பள்ளிக்கூடத்துடையது, பளபளவென்று உலோகத்தில், மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கிற மாதிரி. பள்ளியில் இருப்பதே ஒன்றுதான், அதற்கு வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் வாசித்ததாக வீட்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். வெள்ளிக்கிழமை அட்டையைப் பார்த்து, ஒழுங்காக வாசிக்காத பிள்ளையிடமிருந்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார் இசை டீச்சர். குட்டிக்கு அந்தக் குழல் மேல் உயிர். சாப்பிடும்போதுகூட மேஜை விளிம்பில் விரலால் வாசித்துக்கொண்டே இருப்பாள். செக்கரம்மாவுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் பொய்க்குக் கையெழுத்துப் போட அவள் கை வராது.

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். உறைந்து வெடித்த குழாய்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"வேற ஏதாவது வழியா சூடாயிருக்கும், விடு."

"என்னங்க, வெயில்ல காஞ்சுதா? வெயிலப் பாத்து ரெண்டு வாரம் ஆச்சு!"

"சின்னப் பொண்ணு. கொஞ்ச நேரம் பாத்தாத்தான் என்ன?"

"பாக்கட்டும். பாத்தேன்னு சொல்லட்டும். நான் கேக்கறது அவ்வளவுதான்."

அவர் காலை வெந்நீரிலிருந்து எடுக்காமலேயே தூங்கிப்போனார். வீட்டில் நீதி நியாயம் பார்க்க இவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் டிவியின் மேல் விரித்திருந்த பூவேலைத் துணியின் ஓரத்தைச் சரியாகச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் போனாள். மாலையில் வந்தால் துணி இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது. அது மட்டுமா, நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, மடிப்பில் இரண்டு மூன்று துளி ஈரம். ஓஹோ! மகாராணி சும்மா பார்க்கவில்லை, மேலே டம்ளரை வைத்துக்கொண்டு தேநீர் குடித்தபடி பார்த்திருக்கிறாள்!

புதன்கிழமை படிக்கட்டில் கீழ்வீட்டு அக்கா எதிர்ப்பட்டாள். செக்கரம்மா பேச்சோடு பேச்சாக விசாரித்தாள்.

"பொண்ணு குழல் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காக்கா?"

"சேச்சே, என்ன தொந்தரவு? நாலேகாலுக்கு மேலதான் ஆரம்பிக்குது. அதுவும் நடுவுல நடுவுல நின்னுபோயிடுது. அஞ்சு நிமிஷம் வாசிக்குறா, அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. மறுபடி வாசிக்குறா."

போதாதா? நாலேகால் வரை நிகழ்ச்சி, அப்புறம் விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு ஊது. கணக்கு நேராகிவிட்டது. அன்றும் கூப்பிட்டுக் கேட்டாள்.

"கடைசியாக் கேக்கறேன். டிவி பாத்தியா இல்லையா?"

"பாக்கலைம்மா. சத்தியமா பாக்கலை."

"அப்ப அது ஏன் சூடா இருக்கு?"

மகள் வாயைத் திறந்தாள். பிறகு அறையின் மற்றொரு மூலையில் அணைந்து கிடந்த ஹீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். செக்கரம்மா பார்த்தது அந்த வாய் மூடியதை மட்டும்தான். பஸ்ஸில் ஆயிரம் பேர் இதே மாதிரி மூடியிருக்கிறார்கள்.

உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். 'என் மகள் இந்த வாரம் பயிற்சி செய்யவில்லை. அதனால் அட்டையில் நான் கையெழுத்துப் போடவில்லை.' உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டி, ஒட்டியதை இரண்டு தரம் கட்டைவிரலால் அழுத்தினாள். வியாழக்கிழமை காலை மகளின் கையில் கொடுத்தாள்.

"டீச்சர்கிட்டக் குடு."

"என்னம்மா இது?"

"குடுன்னா குடு."

மகள் பள்ளிக்குக் கிளம்பியதும் டிவியின் மின்வயரை முதுகிலிருந்து உருவி, சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும்.

வேலையில் மனசு ஒட்டவில்லை. குளிரில் விரல்கள் விறைத்துப்போய், சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக்கூடத் தனியாகப் புரட்ட முடியவில்லை. வழக்கம்போல முன்னால் போய் டிரைவர் பக்கத்திலுள்ள எஞ்சின் மூடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். "வந்தாச்சா? பஸ்ஸே உங்க அடுப்புதான்," என்று டிரைவர் கிண்டல் செய்தார். மூடியின் சூடு ஏறியதும் விரல்கள் சொன்ன பேச்சு கேட்டன. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு செக்கரிடம் மீதி வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நாலு மணிக்கு வீட்டு வாசலில், கதவுக்கு வெளியே நின்றாள். மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. சரியாக நாலு அடிக்கும்போது உள்ளே குழல் தொடங்கியது.

அடி சக்கை! நேற்றுவரை நாலேகால், இன்றைக்கு டிவிக்கு வயர் இல்லையென்றதும் டாணென்று நாலு! செக்கரம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தான் நினைத்தது ஒன்றுவிடாமல் சரி. வெற்றியோடு கைப்பிடியைத் திருகப் போனவள், கொஞ்சம் நின்றாள். வாசிப்பு என்னவோ போலிருந்தது. இசையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் இது நோயாளி பேசுகிற மாதிரி இறங்கிப்போய் ஒலித்தது. ஒரே வரி. பாதியில் தடுக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் தடுக்கல். நாலாவது தரம் குழல் வரவில்லை, மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

கதவைத் திறந்தாள்.

மகள் டிவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். குழலை ஸ்வெட்டருக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளில் திணித்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டிவியின் மேல் அந்தப் பூவேலைத் துணி நாலாக மடித்து, நடுவில் பள்ளமாக, எதையோ படுக்கவைக்கத் தயாராக இருந்தது. டிவிதான் செத்துக் கிடந்தது.

"என்னடி இது?"

"டிவி வேலை செய்யலைம்மா. வயரையே காணோம்."

"அதில்லை. இந்தத் துணி எதுக்கு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "குழலுக்கு. இது இரும்பு மாதிரிம்மா, ஜில்லுன்னு இருந்தா சுருதி இறங்கிடும். விரலும் மடங்காது. டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைச்சிட்டு, மேல வெச்சிடுவேன். டிவி சூடாக பத்து நிமிஷம், குழல் சூடாக அஞ்சு நிமிஷம். ஒரு பக்கம் வாசிச்சதும் மறுபடி ஆறிடும். திரும்ப வெக்கணும்."

பத்தும் ஐந்தும் பதினைந்து. நாலேகால். நடுவில் நடுவில் நிற்பது. துணியில் மடிப்பு. ஊதிய மூச்சின் ஈரம் இரண்டு மூன்று துளி. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார, செக்கரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"முதல்ல ஹீட்டர் போட்டுக்கட்டுமான்னு கேட்டேன். ஆறு மணிக்கு முன்னாடி ஹீட்டரத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன், குளிருதுன்னா ரெண்டு ஸ்வெட்டர் போடுன்னு சொன்னே. டிவி விஷயம் தெரிஞ்சா நீ அதையும் நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீ பாத்தியான்னுதானேம்மா கேட்டே. நான் பாக்கலை," என்றாள்.

கோட்டுப் பையில் செக்கரம்மாவின் விரல்கள் மடங்கின. எஞ்சின் மூடியின் சூடு அவற்றில் எப்போதோ போயிருந்தது. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அந்தக் கவர்... குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா!"

"நீதானே குடுக்கச் சொன்னே?" மகள் அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். "படிச்சிட்டு, நாளைக்குக் குழலத் திருப்பிக் குடுத்துடச் சொன்னாங்க. அதான், கடைசியா ஒரு தடவை சரியா வாசிச்சிடலாம்னு பாத்தேன். வரவே மாட்டேங்குதும்மா."

செக்கரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டிய உறை. கிழித்துப் படித்திருக்கலாம், தொலைந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம், சாக்கடையில் போட்டிருக்கலாம். இவள் பொய் சொல்கிற பிள்ளையாக இருந்தால் அதைத்தானே செய்திருப்பாள். அடிப்பாவி, யாரைச் சந்தேகப்பட்டோம்! பையிலிருந்து வயரை எடுத்தாள். மகள் வயரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். செக்கரம்மா எழுந்து அதை டிவியின் முதுகில் செருகினாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து பள்ளிக்குப் போனார்கள். பஸ்ஸில் குழல் பெட்டியில் இல்லை. மூன்று துண்டும் செக்கரம்மாவின் கோட்டுக்குள் இருந்தன. இசை அறை பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது. செக்கரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு டீச்சர் முந்தின நாள் கடிதத்தை மேஜையில் எடுத்து வைத்தார்.

"நேத்து வாசிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு வந்து, வாசிச்சாள்னு சொல்றீங்க. நான் எதைம்மா நம்பறது?"

அந்தப் பார்வை செக்கரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை அவள் பார்க்கிற பார்வை. பதினெட்டு வருஷத்தில் அது அவள் மேல் விழுந்தது இதுதான் முதல் தடவை.

"நான் எழுதினது பொய் டீச்சர். பொண்ணு பொய் சொல்லலை, நான்தான் சொன்னேன்," என்று கோட்டைத் திறந்து துண்டுகளை நீட்டினாள்.

அலமாரியில் வைக்க வாங்கிய டீச்சர், வாங்கிய கையோடு நின்றார். "இவ்வளவு சூடா இருக்கே?"

"ஜில்லுன்னு இருந்தா சுருதி இறங்கிடுமாம்," என்றாள் செக்கரம்மா. "எனக்கு நேத்துதான் தெரியும்."

டீச்சர் குட்டியைப் பார்த்தார். துண்டுகளை அவரே பொருத்தி அவள் கையில் கொடுத்தார். "முதல் பக்கத்துலேருந்து வாசி." குட்டி வாசித்தாள். நேற்றுத் தடுக்கின இடம் வந்தபோது செக்கரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குழல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் டீச்சர் அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குச் செக்கரம்மா வீட்டுக்குள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, மப்ளரை அவிழ்க்கவில்லை. கை தன்பாட்டுக்குப் போய் டிவியின் முதுகில் உட்கார்ந்தது. டிவி ஜில்லென்று இருந்தது. 'இன்னைக்கு வாசிக்கவே இல்லையா?' என்று தொண்டை வரை வந்துவிட்டது.

பிறகுதான் மற்றொரு மூலையில் ஹீட்டர் சிவப்பாக எரிவதையும், அதன் சூடு எட்டும் தூரத்தில் நாற்காலி மேல் துண்டு விரித்துக் குழல் படுத்திருப்பதையும் பார்த்தாள். நாலு மணிக்கே போட்டுக்கொள் என்று காலையில் சொன்னது அவளேதான். டிவியிலிருந்து கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள் சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. அட்டைய எடுத்துட்டு வா."

என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.