சிவப்பு நூல் கட்டிய மூட்டைகள்

சலவைக்கடை அக்காவுக்கு முடியாது என்ற சொல்லே வாயில் வராது. யார் வந்து "அவசரம்" என்றாலும் சரி என்பாள். மூட்டையில் சிவப்பு நூல் கட்டி உள்ளே தள்ளிவிடுவாள். சிவப்பு நூல் இருந்தால் முதலில் தேய்க்க வேண்டும். தேய்ப்பது அவளுடைய தம்பி. தாமதமானால் அவளிடம் திட்டு வாங்குவதும் அவன்தான்.

"ஆமைகூட உன்னைவிட வேகமாப் போகும்டா!"

திங்கட்கிழமை அவன் வெடித்துவிட்டான். "போதும்க்கா. சனிக்கிழமையோட வேற கடைக்குப் போறேன். நீயாச்சு, உன் கடையாச்சு."

அவன் போனால் கடைக்குப் பூட்டுதான். ஆனாலும் ரோஷம் விடுமா? "போடா, நானே தேய்ச்சுக்கிறேன்" என்று மறுநாள் மேசை முன் நின்றாள்.

அலமாரியில் நூல் கட்டாத மூட்டை இரண்டோ மூன்றோதான், அடியில் தூசி படிந்து கிடந்தன. ஒரு சட்டையில் பாதி தேய்ப்பதற்குள் வாசலில் இன்னொரு அவசரம். அதை எடுத்தால் இது கசங்கியது. தெளித்த தண்ணீரும் காய்ந்தது. மத்தியானத்துக்குள் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

வழக்கமாக வரும் டீச்சரிடம் எரிச்சலோடு கேட்டாள். "நிஜமாவே அவசரமா டீச்சர்?"

"சேச்சே! சும்மா கொடுத்தா வாரக்கணக்கா ஆகுதே. அதான் அப்படிச் சொல்லி வைக்கிறேன். எல்லாரும் அதைத்தானே செய்றாங்க?"

அடக் கொடுமையே! அவசரத்தை முன்னே தள்ளியதால் மற்றதெல்லாம் தாமதம். தாமதமானதால் எல்லாமே அவசரம். செக்குமாடாகச் சுற்றியவன் தம்பி. சுற்றவிட்டது அவளுடைய வாய். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நூல்கண்டைக் குப்பையில் போட்டாள். புதிதாக மூட்டை எதுவும் எடுக்காமல், இருந்ததையெல்லாம் இருவரும் சேர்ந்து தேய்த்து முடித்தார்கள். "இனிமே வந்த வரிசைதான்டா" என்றாள்.

"கிழிச்ச. கட்டடத்துக்காரர் வந்து நின்னா நூலைத் தேடுவ பாரு."

சனிக்கிழமை அவரே வந்து நின்றார். கடை இருக்கும் கட்டடமே அவருடையது. "நாளைக்குக் காலையில வேணும்மா. அவசரம்."

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். "சரி" தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சார்."

அவர் முகம் சுருங்கியது. "சொன்னபடி கிடைக்குமா? போன தடவை அவசரம்னு கொடுத்தே அஞ்சு நாளாச்சு."

"கிடைக்கும்."

முனகிக்கொண்டே மூட்டையை வைத்துவிட்டுப் போனார். தம்பி அதை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தான். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஞாயிறு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது கடை திறந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகியிருந்தது.

"வேற கடைக்குப் போகலையாடா?"

அவன் சட்டைக் காலரைத் தேய்த்தபடியே சொன்னான். "போலாம்க்கா. இப்ப என்ன அவசரம்?"