மருமகளுக்கு ஒரு சீட்டு

நாற்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவருக்குப் பொய் சொல்கிறவன் முகம் அத்துப்படி. அதே முகத்தோடு ஒருநாள் கால்நடை டாக்டரம்மா முன்னால் தானே உட்கார நேரும் என்று கண்டக்டர் நினைத்ததில்லை.

பூனைக்குப் பெயர் துரை. வாரத்துக்கு மூன்று தடவை வாந்தி எடுத்தபோது, முடியை விழுங்கியிருக்கும் என்று நாலு மாதம் சும்மா இருந்துவிட்டார். பேதியும் சேர்ந்து, தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூச்சி இல்லை, தைராய்டும் இல்லை. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருந்தது. நாள்பட்ட அழற்சி என்றார் டாக்டரம்மா. எட்டு வாரம் முயல்கறி டின் மட்டும், வேறெதுவும் வாயில் படக்கூடாது.

ஐந்தாவது வாரம் எடை போட்டால் இன்னும் நூறு கிராம் குறைவு.

"வேற ஏதாவது குடுக்கிறீங்களா?"

கொடுத்தார். தினமும் மதியம் தட்டுக்கு எதிரே துரை வந்து உட்காரும். மீனில் ஒரு துண்டு கிள்ளிப் போடுவார். தனியாகச் சாப்பிட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. இதையெல்லாம் ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"நான் இல்லம்மா. என் மருமக. மீனக் கிள்ளிப் போடுறா, சொன்னா கேக்க மாட்டேங்குறா."

மகனும் மருமகளும் வேறு ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது. பாவம், அந்தப் பெண் துரையைத் தொட்டதுகூடக் கிடையாது.

டாக்டரம்மா மருமகளுக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார். 'அம்மா, பாசத்தில்தான் கொடுக்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒரு துண்டு மீன் போதும், குடல் மறுபடி வீங்கிவிடும். இப்படியே போனால் துரை தாங்காது. எட்டு வாரத்தை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.'

வீட்டில் அதை மூன்று முறை படித்தார். பிறகு தட்டோடு சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டார். வெளியே துரை கதவைப் பிறாண்டியது. பாதியில் கை கழுவிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். எட்டு வாரமும் அப்படித்தான்.

டாக்டரம்மா எடை போட்டபோது முந்நூறு கிராம் கூடியிருந்தது. வாந்தி நின்று இருபது நாளாயிற்று.

"உங்க மருமக தங்கமான பொண்ணு. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தார். துரை நேராகத் தன் கிண்ணத்துக்குப் போனது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

"தங்கமான பொண்ணாம்," என்றார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். கதவை யாரும் பிறாண்டவில்லை.