மூச்சுக்குக் கொசுறு

மூச்சின் விலை சிலிண்டருக்கு அறுபத்திரண்டு ரூபாய். மதுரையிலிருந்து தேனிக்கு லாரி வாடகை தனி. 1983-இல் நான் விசாரித்து வைத்திருந்த விலை அது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்றேகால் கிலோ எடையில் தேனி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த என் மகளுக்கு அதைத்தான் குழாய் வழியாகக் கொடுத்தார்கள்.

குழாயின் நடுவில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். முதல் இரண்டு நாள் அதில் குமிழிகள் உலைபோலக் கொதித்தன. மூன்றாம் நாள் டாக்டரம்மா சிலிண்டரின் திருகைத் திருப்பிக் காற்றைக் குறைத்தார்.

"காசு குடுக்குறேன்ல டாக்டரம்மா, ஏன் குறைக்கிறீக?"

"இது உங்க ஏலக்காய்க் கடை இல்ல, சுந்தர்ராஜ். பிள்ளைக்கு உடம்புல இருந்த நீலம் போயிருச்சு. இனி அளவாத்தான். கூடினா கண்ணுக்கு ஆகாது."

நான் போடி கடைத்தெருவில் வளர்ந்தவன். சரக்கைக் குறைக்கிறவன் நியாயம் பேசுவான் என்பது எனக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். எடை சரியாக இருந்தாலும், மேலே ஒரு பிடி கொசுறு வாங்காமல் எங்கள் வீட்டில் யாரும் கடைப்படி இறங்கியதில்லை.

டாக்டரம்மா வீட்டுக்குப் போனதும் ஆயா ராமுத்தாயின் கையில் ஐந்து ரூபாயைத் திணித்தேன்.

"கொஞ்சம் கூடத் திருகு ஆத்தா. பச்சப்புள்ள நல்லா மூச்சு விடட்டும்."

"அம்மா வஞ்சா?"

"காலைல அவுக வாறதுக்குள்ள குறைச்சிரு. காத்துதான, கெட்டா போகும்?"

ஒன்பது நாள் இப்படி. குமிழிகள் பொங்குவதைப் பார்த்துவிட்டு, பேரம் படிந்த திருப்தியோடு தூங்கினேன்.

பிள்ளை பிழைத்தது. ஐந்து மாதமாகியும் விளக்கைத் தேடவில்லை. கருமணிக்குள் வெள்ளை தெரிந்தது. மதுரைக்குத் தூக்கிப் போனோம்.

"விழித்திரை பிரிஞ்சு சுருண்டிருச்சு" என்றார் கண் டாக்டர். "ஆக்சிஜன் உடம்புக்குள்ள கொஞ்சம் விஷமாவும் மாறும். அதை முறிக்கிற என்சைம் தாய் வயித்துல கடைசி மாசங்கள்லதான் போதுமான அளவு சேரும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது பத்தாது. கண்ணுல ரத்தக்குழாயும் வளர்ந்து முடிஞ்சிருக்காது. அங்க எவ்வளவு வச்சாங்க?"

"அளவாத்தான் வச்சாக" என்றேன். டாக்டரம்மாவின் அளவை நான் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

"சில பிள்ளைகளுக்கு அளவா வச்சாலும் இப்படி ஆகும்" என்றார் அவர். இனி பார்வை வராது என்பதையும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டியதும் என் மனைவி ஜெபராணி மடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நாந்தாங்க காரணம். ஏழாம் மாசத்துல ஏலக்கா மூடையத் தூக்குனேன்ல. மாசம் நிறைஞ்சு பெத்திருந்தா அவர் சொன்னது பிள்ளைக்குச் சேந்திருக்கும்ல?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். ஞாயிறுதோறும் ஜெபராணி கோயிலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். என் கணக்கில் ஏற வேண்டிய பற்று முழுவதும் அவள் பெயரில் நிற்கிறது. மூன்று வருடமாக வட்டி கட்டுகிறவள் அவள். அசல் அப்படியே என்னிடம்.