நிற்காத வண்டி

“நிக்க வைக்கிறதுக்கெல்லாம் எங்கிட்ட வழி இல்ல மாப்ள. ஓட வைக்கிறதுக்குத்தான் நான் தொழில் படிச்சேன்.”

“இன்னைக்கு ஒரு பொழுதுக்கு மட்டும் பாய். பட்டாளத்து ஆளுக ஓட்டிப் பாக்குறப்ப ரெண்டு எடத்துல நின்னுட்டாப் போதும். இது தேறாது, வீட்டுக்குக் கொண்டுபோன்னு தள்ளிவிட்டுருவாக.”

“மெதுவாப் பேசும். செவுத்துக்குக் காது இருக்கோ இல்லியோ, கோரிப்பாளையத்துக்கு இருக்கு.”

மைதீன் பாய் பட்டறையின் பலகைக் கதவில் ஒரு பாதியைச் சாத்தினார். திறந்திருந்த மறுபாதி வழியாக, வெளியே நின்ற நல்லகாமனின் குட்டி லாரி தெரிந்தது. முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. அதில்தான் வெற்றிலைக் கூடைகளை அடுக்குவார்கள். இன்று கூடை எதுவும் இல்லை. அவன் மனைவி சின்னத்தாய் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொரு காக்கிச் சட்டையையும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

“வில்லாபுரத்துக்காரன் ஒருத்தன் இப்படித்தான் கம்பிய அறுத்து வச்சான். கண்டுபிடிச்சு, சண்டைக்குத் துரோகம் பண்ணிட்டான்னு கூட்டிப் போனாக. இன்னும் வீடு திரும்பல. உமக்கும் அந்தச் சோறுதான் வேணுமா?”

“கம்பிய அறுத்தாத்தான தெரியும்? பெட்ரோல் டாங்குக்குள்ள நாலு வெத்தலையக் கிள்ளிப் போட்டா? வெத்தலை வண்டியில வெத்தலை கெடந்துச்சுன்னா எவன் என்ன கேப்பான்?”

மைதீன் பாய் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டார்.

“எலை உள்ள மெதந்துக்கிட்டே கெடக்கும் மாப்ள. எப்பக் குழாய் வாயை அடைக்கும்னு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. இன்னைக்கே அடைச்சாலும் அடைக்கும். ஆறு மாசம் சும்மா கெடந்துட்டு ஒரு மலையேத்தத்துல அடைச்சாலும் அடைக்கும். நான் இதக் கேக்கல. நீரு இங்க வரவும் இல்ல.”

அவர் கதவின் மறுபாதியையும் சாத்திக்கொண்டார்.

போருக்கு வண்டி எடுக்கிறார்கள் என்ற பேச்சு மாசி மாதமே சோழவந்தான் பக்கம் வந்துவிட்டது. முதலில் பஸ்கள் போயின. பிறகு பருத்தி ஆலைக்காரர்களின் பெரிய லாரிகள். இந்தச் சின்ன வண்டியை எவன் சீந்துவான் என்று நல்லகாமன் தைரியமாக இருந்தான். போன வாரம் தலையாரி வீடு தேடி வந்து, வண்டியைத் தல்லாகுளத்து மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு என்றார். நன்றாக ஓடுகிற வண்டியை எடுத்துக்கொள்வார்களாம்; ஓடாததைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

நல்லகாமன் அந்த வண்டியைப் புதுசாக வாங்கி நாலு வருஷம் ஆகிறது. சின்னத்தாயின் நகையெல்லாம் விலையாகி அதற்குள் போயிருந்தது. விடியுமுன் கொடிக்காலில் கிள்ளுகிற வெற்றிலை, மதுரைப் பேட்டையில் ஏலம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான். மாட்டு வண்டிக் காலத்தில் அப்படிப் போட்டது எவ்வளவோ. குட்டி லாரி வந்த பிறகு ஒருநாள்கூட ஏலம் தவறவில்லை. வைகையில் வெள்ளம் வந்து ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற காலையிலும் அது இருமிக்கொண்டே நடந்து வந்து பேட்டை வாசலில் நின்றது. அதன் இடது கதவை உதைத்தால்தான் திறக்கும். மழைக்காலத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து வெற்றிலை மணம் வரும். வேறு குறை சொல்ல நல்லகாமனுக்குத் தெரியாது. வழியில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், “ஒரு நா கூட என்னைய நடுரோட்டுல விட்டதில்ல” என்பான். பேட்டையில் அவனுக்கே ‘நிக்காத வண்டி’ என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது.

வாங்கிய அன்று கருப்பு கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திச் சேவல் அறுத்தார்கள். நல்லகாமன் சாமியின் அரிவாளைத் தொட்டு, “இதுக்கு நான் கெடுதல் பண்ண மாட்டேன். நீ இதைய நடுவழியில விட்டுராத” என்று சொன்னான். அந்த வார்த்தை இப்போது நெஞ்சுக்குள் ஒரு முள்ளைப் போல நின்றது.

கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். மடியிலிருந்த வெற்றிலையை எடுத்தான். டாங்க் மூடியைத் திறந்தான். பெட்ரோலின் நெடி முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்பாக ஏதோ அசைந்தது. அவன் முகம்தான் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“என்னால முடியல புள்ள.”

சின்னத்தாய் இறங்கி வந்தாள். அவன் கையிலிருந்து வெற்றிலையை வாங்கினாள்.

“அருவாளத் தொட்டது நீங்க. நான் ஒண்ணும் தொடல.”

வெற்றிலைகளைச் சிறிதாகக் கிள்ளி, ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். கோழிக்கு இரை போடுகிறவளைப் போல நிதானமாகப் போட்டாள். மூடியைத் திருகிவிட்டு விரல்களைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பெட்ரோல் வாடை போகவில்லை.

“யார் கேட்டாலும் சூடாகும், எண்ணெயக் குடிக்கும், நடுவழியில நிக்கும்னு சொல்லுங்க. மூணே வார்த்தை. எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“சூடாகும். எண்ணெயக் குடிக்கும்...”

“கல்யாண வீட்டுல மொய் சொல்லுற மாதிரி சொல்லாதீங்க. அழுகுற மாதிரி சொல்லுங்க.”

மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. சொந்தக்காரர்கள் அவரவர் வண்டிக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவர்களைப் போல நின்றார்கள். எட்டத்தில் பெரிய குடையின் கீழ் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பூட்ஸ் சத்தம் நெருங்கும்போதெல்லாம் சின்னத்தாய் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

குமாஸ்தா ஒருவர் வந்தார். பின்னால் காக்கி உடுப்பில் ஒரு ராணுவ டிரைவர்.

அப்போதுதான் நல்லகாமன் அந்தத் தப்பைச் செய்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பேட்டை வாசலிலும் சுங்கச் சாவடியிலும் யாரைக் கண்டாலும் முதலில் ஒரு கட்டு வெற்றிலையை எடுத்து நீட்டிப் பழகிய கை. குமாஸ்தாவுக்கும் நீட்டிவிட்டது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“சோழவந்தான் எலையா? பேஷ். வெத்தலையக் கையில குடுத்துட்டீரு, இனிப் பேச்சு சுத்தமா இருக்கணும். சொல்லும், வண்டி எப்படி?”

நல்லகாமன் அவர் கையிலிருந்த வெற்றிலைக் கட்டைப் பார்த்தான். அவன் ஊரில் பெண் கொடுப்பதும், கொடிக்கால் குத்தகை விடுவதும், பங்காளிச் சண்டை தீருவதும் வெற்றிலை கைமாறித்தான். கைமாறிய பிறகு பொய் பேசியவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள். வேறெந்த ஊர்க்காரனும் குமாஸ்தாவின் பேச்சை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

“சூடா...” என்றான்.

“சூடாகுமா?”

“சூடாகாதுங்க. ஒரு நா கூட நின்னதில்ல.”

சின்னத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆண்டிச்சாமி, ஓட்டிப் பாரு. சொந்தக்காரரையும் ஏத்திக்க” என்றார் குமாஸ்தா.

டிரைவர் ஆண்டிச்சாமிக்கு முப்பது வயதிருக்கும். இடது கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலே காலால் ஓர் உதை விட்டுத் திறந்து, சிரித்தான்.

“எங்க கொட்டாம்பட்டி மொதலாளி வண்டியும் இப்படித்தாண்ணே, ஒதைச்சாத்தான் தொறக்கும். நான் அதக் கழுவத்தான் செய்வேன். ஓட்ட விட மாட்டாக. எங்க ஆளுக ஸ்டேரிங்கத் தொட்டா வண்டி தீட்டாயிருமாம். பட்டாளத்துல சேந்தப்பறந்தான் தொட்டேன்.”

வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. அழகர்கோயில் ரோட்டில் திரும்பியது. நல்லகாமன் மூச்சை அடக்கிக்கொண்டு எஞ்சினைக் கேட்டான். நாலு வருஷம் அது நின்றுவிடக் கூடாதே என்று கேட்ட காது, இன்று நின்றுவிடாதா என்று கேட்டது. நில்லு. தாயே, இந்த மரத்துக்கிட்ட நில்லு. அந்தக் கிணத்துக்கிட்ட நில்லு. மரமும் கிணறும் பின்னால் போயின. ஆண்டிச்சாமி வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் மாவு அரைக்கிற மாதிரி ஒரே சீராகப் பாடியது.

“பூ மாதிரி போகுதுண்ணே! எம்புட்டுக் கருத்தா வச்சிருக்கீக!”

“எங்க கொண்டுபோறீக தம்பி?”

“சொல்ல மாட்டாக. கெழக்க, மலை ரோடாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லையாம். போயிட்டு வந்தவன் சொன்னான், மேலேறுறப்ப நின்னா அம்புட்டுத்தான், பின்னாடியே உருண்டுரும்னு. அதான் நிக்காத வண்டியா வேணுங்குறாக.” சற்றுத் தயங்கிச் சொன்னான்: “ரோடு போடுற கூலியாளுகள இதுல ஏத்திப் போகணும். எங்கூர்ப் பயலுகளும் இருக்காக. ஒருத்தன் எங்க மலையம்மாளுக்குத் தம்பி. மலையம்மா எம் பொண்டாட்டி. தையில கட்டுனது. ‘நல்ல வண்டியாப் பாத்து ஏறு’ன்னு சொல்லி அனுப்புச்சு. வண்டிய நானா பொறுக்குறேன்? ஆனா பாருங்க, நல்லதாவே அமஞ்சிருச்சு.”

ஒரு சிறிய ஏற்றம் வந்தது. பாதி ஏறியதும் எஞ்சின் இருமியது. ஒருமுறை. இரண்டாம் முறை. வண்டி குலுங்கி, மெல்ல நிற்கப்போனது. ஒரு விரற்கடை பின்னால் சரியக்கூடச் செய்தது.  அவன் கேட்டது கிடைக்கப்போகிறது. ஆனால் அந்தக் கணத்தில் நல்லகாமன் கண்டது வீட்டுக்குத் திரும்பும் வண்டியை அல்ல. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லாத ரோட்டை. திறந்த தொட்டியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிற ஆட்களை. பின்னால், பின்னால், சத்தமே இல்லாமல் போகிற ஒரு சின்ன வண்டியை.

பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏற்றத்தைத் தாண்டி, எதுவும் நடக்காதது போல ஓடியது.

“கொஞ்சம் தூசி இருக்கும். சொந்தக்காரர விட்டுப் பிரியப் போறோம்னு அதுக்கும் தெரியுதோ என்னமோ” என்று ஆண்டிச்சாமி சிரித்தான்.

நல்லகாமனுக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானம் திரும்பும்வரை அவன் எஞ்சினைக் கேட்கவும் இல்லை. டாங்க் இருந்த திசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பச்சை இலை பெட்ரோலில் அசையும் சத்தம் கேட்பது போல இருந்தது.

குடைக்குக் கீழிருந்த அதிகாரி தலையை ஆட்டினார். ஓர் ஆள் வந்து கதவில் வெள்ளைச் சாயத்தால் எண் எழுதினான். இனி வண்டி சர்க்காருடையது. எடுத்த வண்டிகள் மத்தியானமே வரிசையாகக் கிளம்பும் என்றார் குமாஸ்தா. அவர் வாய் வெற்றிலையால் சிவந்திருந்தது.

சின்னத்தாய் அவனை ஒதுக்குப்புறமாக இழுத்தாள். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

“போனது போகட்டும், வாங்க. நடந்தே போவோம்.”

“மலைக்குப் போகுதாம் புள்ள. ஆளுகள ஏத்திக்கிட்டு. அந்த ஏத்தத்துல இருமுச்சு. நான் கூடவே இருந்தேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“வேணாம்” என்றாள். “சொன்னீங்கன்னா யார் போட்டதுன்னு கேப்பாக. வில்லாபுரத்துக்காரன் பொண்டாட்டி புள்ளையோட போலீஸ் ஸ்டேசன் வாசல்லயே கெடக்குறாளாம், கேள்விப்பட்டீங்கள்ல? நமக்கும் ரெண்டு புள்ளைக வீட்டுல சோறு பாத்துக்கிட்டு இருக்கு. எங் கையிலயே இன்னும் வாடை போகல.” அவள் கையை நீட்டினாள்.  “எந்த மலைக்கோ போற வண்டி. எலை மக்கிப் போகும். கரைஞ்சு போகும். பாய் சொன்னதெல்லாம் நடந்துருமா?”

“நடக்காமலும் போகலாம்.”

“அப்பறம் என்ன?”

அவன் வண்டி வரிசையின் பக்கம் திரும்பினான். வரிசையின் முன்வண்டிகள் புகை கக்கிக் கிளம்பத் தொடங்கின. பின்னால் நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்தார். இந்த ஆள் எதற்குப் பார்க்கிறார்? வெறுமனே பார்க்கிறாரா? சின்னத்தாய் உடனே தலையைக் குனிந்தாள்.

குட்டி லாரி உறுமியது. அதே குரல். பேட்டைக்குப் போகும் காலைகளில் பக்கத்து வீட்டுக்காரர்களை எழுப்புகிற குரல். நல்லகாமன் ஓர் அடி எடுத்து வைத்தான். சின்னத்தாய் அவன் வேட்டியைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களை மெல்ல விலக்கினான்; விலக்கும்போது அவனுக்கும் அந்தப் பெட்ரோல் வாடை அடித்தது.

வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் இடது கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கூடவே நடந்தான். எண் எழுதிய ஈரச் சாயம் கையில் ஒட்டியது. பூட்ஸ் சத்தம் ஒன்று அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆண்டிச்சாமி கழுத்தை நீட்டி, “என்னண்ணே? மறந்து எதையும் வச்சுட்டீகளா?” என்று கத்தினான்.

“தம்பி, மலை ஏறுறதுக்கு முன்ன அந்த டாங்கக் கழத்திக் கவுத்திரு. உள்ள என்ன கெடந்தாலும் ஏன்னு கேக்காத, யார்கிட்டயும் சொல்லாத. கவுத்திட்டு ஏறு. ஏறுவியா தம்பி?”