நிக்குதா, நீந்துதா?

"ஏ ஆரோக்கியம், என்ன நிக்குது அங்க?" என்று சூசைநாதன் தண்ணீருக்குள் இருந்து கேட்டார்.

"குருட்டுக் கொக்கு ரெண்டு."

"தண்ணி எதுமட்டும்?"

"அதுக்கே பாதி காலு. அது காலு என்ன பனமரமா? உனக்குக் கணுக்கால் நனையும், அவ்ளோதான். எறா எங்க இருக்கப் போவுது அங்க?"

அரியாங்குப்பம் ஆற்றில் கையால் இறால் தடவுகிறவர்கள் ஆழம் பார்க்கக் கோல் ஊன்றுவதில்லை. ஊன்றினால் இறால் கலைந்துவிடும். பறவைதான் அவர்களுக்குக் கோல். குருட்டுக் கொக்கு நின்றால் கணுக்கால். வெள்ளைக் கொக்கு நின்றால் முழங்கால். சாம்பல் நாரை நின்றால் தொடை, அங்கேதான் இறால். நீர்க்காக்கா முங்கி முங்கி எழுந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சூசைநாதனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் மோராகத் தெரியும். கைக்கு ஒரு குறையும் இல்லை. சேற்றுக்குள் விரலை விட்டால் இறால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்குத் தெரியும். அதனால் ஆரோக்கியம் கரையில் நின்று பார்த்துச் சொல்லுவாள், புருஷன் நடப்பார். வழக்கமாகத் தடவுகிற மேட்டைப் புயல் மழையில் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்குப் புது இடம் தேட வேண்டியிருந்தது.

பக்கத்தில் வேம்பு கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் அதே தெருதான், அதே பிழைப்புதான்.

"ஏன்க்கா, கண்ணு ஆப்ரேசன் பண்ற வரைக்கும் மாமாவை வீட்ல ஒக்கார வச்சா என்ன?"

"ஒக்காந்து தின்ன உங்க மாமாவுக்கு என்ன பிரெஞ்சு பென்சனா வருது?"

தண்ணீரிலிருந்து பதில் வந்தது. "வந்தா இவள மொதல்ல பாரீசுக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருப்பேன்."

"போவேனே! அங்க போயி நல்ல கண்ணு உள்ளவனா ஒருத்தனைப் பாப்பேன்."

"அவன் உன்னைப் பாத்ததும் கண்ணு தெரியலன்னுருவான்!"

வேம்பு சிரித்ததில் கூடை கைநழுவியது. சூசைநாதனும் சிரித்துவிட்டு, "சரி, பெரிசா எதனா நிக்குதா பாரு," என்றார்.

ஆரோக்கியம் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். கண்டல் மரங்களுக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. ஆறு முழுக்கத் தகரம் மாதிரி பளபளத்தது, கண் கூசியது. அந்தப் பளபளப்புக்கு நடுவில் ஒல்லியாக, கறுப்பாக ஒரு கழுத்து.

"நாரை ஒண்ணு. கண்டலுக்கு இந்தாண்ட."

"மூக்கு?"

"ஈட்டி மாதிரி நீட்டம்."

"நுனியில கொக்கி இல்லியே? நீர்க்காக்காவா இருக்கப் போவுது."

"கொக்கியும் இல்ல, கிக்கியும் இல்ல."

"கழுத்து?"

"வளைச்சு வச்சிருக்கு, குத்தப் போற மாதிரி."

"நிக்குதா, நீந்துதா?"

"நாரை எங்கய்யா நீந்தும்? நிக்குது. போ, தண்ணி ஏறுது."

அவர் ஓலைக்கூடையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தார். ஆரோக்கியம் குனிந்து, கரையில் கிடந்த சாக்கை உதறினாள். நிமிர்ந்தபோது அந்தக் கழுத்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நாரை குத்தினால் தண்ணீர் தெறிக்கும், தலை உடனே மேலே வரும். இது தெறிக்கவில்லை. ஊசி துணிக்குள் இறங்குகிற மாதிரி நேராக, சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி கழுத்து மட்டும் முளைத்தது, மூக்கில் குத்திய மீனோடு. மீனை மேலே வீசி வாயில் வாங்கி விழுங்கியது. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை. உடம்பு தண்ணீருக்குள் இருந்தது.

பாம்புத்தாரா.

அது ஊசுட்டேரியின் நல்ல தண்ணீரில் வாழ்கிற பறவை. ஆற்றின் உப்புத் தண்ணீரில் அதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. ஈட்டி மூக்கும் வளைந்த கழுத்தும் தெரிந்தால் இந்த ஆற்றில் அது நாரைதான், வேறு இல்லை. ஆனால் இப்போது ஆற்றில் ஓடுவது ஏரிகள் வழிந்து வந்த வெள்ளம். உப்பே இல்லை.

"யோவ்! அங்க போவாத! திரும்பு, திரும்பு!"

சத்தம் அவருக்குக் கேட்டது. கூடை பல்லில் இருந்ததால் பேச முடியாமல், என்ன என்று கையைத் தூக்கிக் கேட்டபடி திரும்பினார். திரும்பின காலுக்குக் கீழே சேறு சரிந்தது. நீச்சல் தெரிந்தவர்தான். காலைச் சேறு பிடித்தது, கழுத்தைக் கூடைக் கயிறு இழுத்தது. தலை ஒரு தரம் மேலே வந்தது. பிறகு கை. பிறகு அதுவும் இல்லை.

ஆரோக்கியம் மார்பு வரைக்கும் இறங்கிவிட்டாள். வேம்பு பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் போயிடாதக்கா! கண்ணையண்ணே! படகு! படகு!"

கொஞ்சம் தள்ளிக் கரையில் இருந்த படகுக்காரன் கண்ணையன் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்துத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மகன் ஜெஸ்டின் செய்தி கேட்டு ஓடிவந்து அதில் ஏறினான். கழியால் கண்டல் ஓரமாகவே குத்திப் பார்த்தார்கள்.

"எங்கக்கா? கையைக் காட்டு!" என்று கண்ணையன் கத்தினான்.

காட்ட என்ன இருக்கிறது? தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே தண்ணீர். பறவை மட்டும் தூரத்தில் ஒரு ஒடிந்த மூங்கிலில் ஏறி, இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பழுப்புக் கழுத்து, முதுகில் வெள்ளிக் கோடுகள், விசிறி மாதிரி நீண்ட வால். எல்லாம் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. அது மறுபடி தண்ணீரில் விழுந்து, முன்பு முங்கிய இடத்துக்கே நீந்திப் போனது.

"அது முங்குது பாரு, அங்க போடா! அங்கதான் பள்ளம்!" என்று ஆரோக்கியம் மகனைப் பார்த்துக் கத்தினாள்.

கழி முழுசாக உள்ளே போனது. கண்ணையன் காறித் துப்பினான். "ரெண்டு ஆள் ஆழம். இது வெள்ளம் பறிச்ச பள்ளம் இல்ல. மிஷினை விட்டு மண் அள்ளியிருக்கானுவ, பாவிங்க."

ஜெஸ்டின் குதித்தான். மூன்றாவது முங்கலில் அப்பாவோடு வந்தான்.

கரையில் கிடத்தி வயிற்றை அழுத்தினார்கள். சேறும் தண்ணீரும் வந்தன, மூச்சு வரவில்லை. கூடைக் கயிறு கழுத்தில் பதிந்திருந்தது. வேம்பு அதை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தாள்.

ஜெஸ்டின் கேட்டான். "அங்க ஏன் போனாரு? யாரு போவச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா," என்றாள் வேம்பு அவசரமாக. "அவராத்தான் போனாரு. கண்ணு தெரியாதவரு..."

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஆரோக்கியம். "பாம்புத்தாராவை நாரைன்னு சொன்னேன். நிக்குதா நீந்துதான்னு கேட்டாருடா. நிக்குதுன்னேன்."

"அதோட உடம்பு தண்ணிக்கு மேல தெரிஞ்சுதா?"

"பாக்கலடா."

ஜெஸ்டின் தன் துண்டைப் பிழிந்து அப்பாவின் முகத்தில் போட்டான். பாலத்தின் மேல் சனங்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட காலு வழுக்கிருச்சுன்னு சொல்லு," என்றான் ஜெஸ்டின் அம்மாவிடம் மெதுவாக. "வீட்ல தங்கச்சிகிட்டயும் அப்படியே சொல்லு. எனக்குத் தெரிஞ்சது போதும்."

பிறகு எழுந்து, கண்ணையனைத் தோள்பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் கால்பக்கம் பிடித்துக்கொண்டான். ஒரு பக்கமாவது பிடிக்கலாம் என்று ஆரோக்கியம் கையை நீட்டினாள்.

"வேணாம்மா," என்றான், அவளைப் பார்க்காமல்.