ஃபாதரின் முயல்

எங்கள் பங்குச் சுவாமி அருட்பிரகாசம் ஃபாதருக்கு ஆட்டத்தில் முயல்தான் வேண்டும். கிளியை நீட்டினால் என் மாமியைக் காட்டி, "அது பெற்றிசியாம்மா வைச்சிருக்கட்டும்" என்பார். பூனைக்குட்டியை நீட்டினால் தும்முவார், நான் பசையில் பிடித்த பொம்மைக்கு உண்மையாகவே மயிர் முளைத்திருப்பதுபோல. வெள்ளெலியை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முயலை எடுத்துக் காதைத் தடவி, "ஆ, தொடங்குவம்" என்று கதிரையை இழுத்துப் போட்டாரென்றால் வெல்லும்வரை எழும்ப மாட்டார்.

விளையாட்டைச் செய்தவள் நான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டு "நானும் நிறஞ்சலாவும் ஒரு விளையாட்டுச் செய்யிறம்" என்று அவர் வாய் கூசாமல் ஊருக்கெல்லாம் சொன்னார். அவர் செய்தது எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தது.

விளையாட்டு இதுதான். வீட்டுக்காரர் எல்லாரும் ஞாயிற்றுப் பூசைக்குப் போய்விட்டார்கள். முயல், கிளி, பூனைக்குட்டி, வெள்ளெலி நான்கும் தனியே நிற்கின்றன. குசினி மேசையில் ஒரு கேக் துண்டு. அதைத் தன் கூட்டுக்குக் கொண்டுபோகிற பிராணி வென்றது. முதலில் காட்போட் மட்டையில் வீட்டைக் கீறி மதிலில் காயவைத்தேன், தெருக்கழுதை தின்றுவிட்டது. பிறகு ஒட்டுப்பலகையில் கீறினேன். தீப்பெட்டிகளால் அலுமாரி, கட்டில், கதிரை எல்லாம் செய்து வைத்தேன். என் புருசன் மில்ரன் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன். அவன் கொண்டுவந்த மிச்சப் பசையில்தான் பொம்மைகள்.

பலகையில் கட்டங்கள் கிடையாது. ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் ஐஸ்பழக் குச்சி உண்டு. உன் முறை வரும்போது அந்தக் குச்சியின் நீளத்துக்கு நகரலாம். முயலுக்கு முழுக் குச்சி. கிளி கதிரைக்கு மேலால் பறக்கும். பூனைக்குட்டி நிற்கிற கதவால் வேறெதுவும் போக முடியாது. வெள்ளெலிக்கு அரைக் குச்சிதான், ஆனால் அது அலுமாரிக்குக் கீழால் நுழையும். கேக் வைத்திருக்கிற பிராணியைத் தொட்டால் கேக் தொட்டவருக்கு.

என்னோடு படித்த அஸீபா கொழும்பில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறாள். பெருநாளுக்கு மன்னாருக்கு வரும்போது ஒரு முழு ஆட்டம் பார்ப்பதாகவும், பிடித்தால் ஐம்பது பெட்டி எடுப்பதாகவும் சொல்லியிருந்தாள். அது சரிவந்தால் நான் நண்டுக் கம்பனியை விட்டுவிடலாம். நாள் முழுக்க நின்றபடி நண்டுக் காலிலிருந்து சதை பிரிக்கிற வேலை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் விரலில் அந்த மணம் போகாது. எனக்கு அந்த மணம் வெறுத்துவிட்டது.

அதனால் சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் ஆட்டம் வைத்துப் பார்த்தோம். ஃபாதர் முயல், என் மாமி பெற்றிசியா கிளி, மில்ரன் பூனைக்குட்டி. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிழை தெரியும் என்று நான் விளையாடாமல் இருந்தேன். பெரிய மூளைசாலி!

ஃபாதர் வென்றார். அடுத்த கிழமையும் வென்றார். முயலுக்குப் பலம் கூடிப்போச்சு என்று அதன் குச்சியில் ஒரு துண்டை முறித்தேன். அப்போதும் வென்றார். இன்னும் முறித்தேன். கடைசியில் முயலின் குச்சி ஒரு தீக்குச்சி அளவுக்கு வந்துவிட்டது. முயல் நகர்கிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஃபாதர் அந்தக் குச்சியோடும் வென்றுவிட்டு, "மூளை இருந்தால் குச்சி தேவையில்லை, பிள்ளை" என்று எனக்குப் புத்தி சொன்னார். இரவெல்லாம் படுத்துக் கிடந்து யோசித்தேன். எங்கே பிழை விட்டேன் என்று விளங்கவேயில்லை.

அஸீபா வந்த அன்றும் அவர் அழைக்காமலே வந்து முயலை எடுத்துக்கொண்டார். அஸீபா கதிரையை நெருக்கிப் போட்டு ஆட்டத்தைப் பார்த்தாள். ஃபாதர் வென்று கையைத் தட்டியதும் எழும்பி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குக் கண் தெரியாதோ? உன்ர மாமியும் மனுசனும் அவருக்கு விட்டுக்குடுக்கினம்."

"என்னடி சொல்லுறாய்?"

"கிளி கேக்கோட கூட்டு வாசலுக்கு வந்திட்டுத் திரும்பிப் பூச்சாடி பாக்கப் போகுது. பூனை கட்டிலில படுத்து நித்திரை. நான் இதைக் கடையில வைச்சு வித்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஃபாதரையும் சேர்த்துக் குடுக்கிறதே?"

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. மாமியையும் மில்ரனையும் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"ஓம், விட்டனாங்கள்தான்" என்றா மாமி, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஃபாதரைத் தோற்கடிச்சுப்போட்டு நாளைக்கு நற்கருணை வாங்க எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

"அம்மா கண்ணால காட்டினா, நான் படுத்திட்டன்" என்றான் மில்ரன். ஆறடி ஆம்பிளை. அம்மா கண்ணைக் காட்டினால் படுத்துவிடுவானாம்.

இந்தத் தொண்டுக்குத்தான் நான் மாதக்கணக்கில் குச்சி முறித்தேன்! என் நண்டு நாறுகிற கையைவிட இவர்களுக்கு ஃபாதரின் முயல் பெரிதாகிவிட்டது. அங்கேயே நின்றிருந்தால் சட்டிபானை உடைந்திருக்கும். புது முழுக் குச்சி ஒன்றைக் கொண்டுபோய் ஃபாதரின் முன்னால் வைத்தேன்.

"இதென்ன, முழுசாக் கிடக்கு?"

"உங்களுக்குத்தான் ஃபாதர். இப்ப நீங்களும் நானும்."

யாரும் தொடாமல் கிடந்த வெள்ளெலியை நான் எடுத்துக்கொண்டேன். ஃபாதர் இரண்டே பாய்ச்சலில் கேக்கை எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டு நடு விறாந்தையால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பாராமல், பவனி போகிறமாதிரிப் போனார். மனுசனுக்குக் காவல் காக்கவே தெரியவில்லை. அலுமாரிக்குக் கீழால் வந்து முயலைத் தொட்டேன்.

"பிள்ளை, அது என்ர கேக்."

"இருந்தது, ஃபாதர்."

கேக்கை வைத்துக்கொண்டு திரும்ப அலுமாரிக்குக் கீழே பூந்து, அந்தப் பக்கத்தால் வெளிக்கிட்டு, கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஃபாதரின் முகம் கறுத்துவிட்டது.

"இந்த விளையாட்டில ஏதோ பிழை கிடக்கு" என்றார்.

"ஓம் ஃபாதர், பிழைதான், பெரிய பிழை" என்று மாமி ஓடி வந்தா. "நாங்கள் எண்டால் இப்பிடிச் செய்வமே? எத்தினை தரம் கேக்கை வாயில வைச்சுக்கொண்டு உங்களுக்காகத் திரும்பிப் போயிருப்பன்!"

மில்ரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தினை தரம்?" என்று கேட்டார் ஃபாதர்.

மாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எல்லாத் தரமும்" என்றா.

ஃபாதர் கையிலிருந்த முயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. அதைவிடக் கூடச் சந்தோசம் இருந்தது.

"பெற்றிசியாம்மா, இதை ஒரு பாவசங்கீர்த்தனத்திலயாவது சொல்ல வேணும் எண்டு உங்களுக்குத் தோன்றேல்லையோ?"

"அது பாவமெண்டு எனக்குத் தெரியாது ஃபாதர்."

"இப்ப தெரியுதல்லோ? இருங்கோ. கிளியை எடுங்கோ. இந்த முறை விட்டுக்குடுத்தால் எனக்குப் பொல்லாத கோவம் வரும்."

ஃபாதர் சொன்னால் மாமிக்கு மறுபேச்சில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தா. அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல! கதிரைக்கு மேலால் பறந்து வந்து முயலின் முதுகில் விழுந்து கேக்கைப் பறித்தா. ஃபாதர் துரத்தினால் கட்டிலைச் சுற்றி இழுத்தடித்தா. வென்றா. திரும்ப வைத்தார்கள், திரும்பவும் வென்றா. இந்த மனுசி இத்தனை காலமும் ஆரையும் வென்றதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் இறைச்சித் துண்டுகூடக் கடைசியாகத்தான் எடுப்பா. இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவாமியின் கையில் குச்சி கொஞ்சம் சரிந்தாலும் "நேராப் பிடியுங்கோ ஃபாதர், கூட அளக்கிறியள்" என்று அதட்டினா. ஃபாதருக்கு வியர்த்துக் கொட்டியது. வெள்ளை அங்கியின் கையை மடித்து விட்டுக்கொண்டு, "நான் சரியாத்தான் அளக்கிறன்" என்று சண்டைக்கு நின்றார்.

அஸீபாவைக் கூட்டிப்போக வந்த வான் வெளியே ஹோர்ன் அடித்தது. அவள் எழும்பவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"முயலுக்கு முழுக் குச்சியே இருக்கட்டும்" என்றாள். "ஐம்பது பெட்டி. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கடைக்கு வந்திட வேணும்."

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் கிளி கேக்கோடு கூட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்து மெல்ல எழும்பினார்.

"செபமாலைக்கு நேரமாகுது, பெற்றிசியாம்மா."

மாமி தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னும் நேரம் கிடக்கு, இருங்கோ" என்றா. "டேய் மில்ரன், போய்க் கேற்றைப் பூட்டு."