தெளியாத உறுமல்

உறுமுகிறது, உறுமிக்கொண்டே இருக்கிறது, தார்சிஸ் கிட்டாரின் ஒலிக் குமிழை மெல்லக் குறைக்கிறான், சத்தம் சிறுக்கிறதே தவிரத் தெளியவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாயில் துணியடைத்துக்கொண்டு பேசுவதைப் போல, என் வீட்டுக்காரர் ரொமால்டின் சத்தம் அப்படி இருக்காது, அவர் விரல் குமிழை ஒரு நூலளவு திருப்பினால் போதும், அதே உறுமல் மணியோசையாகிவிடும், தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொன்னதைப் போல இருக்கும். மைனி, இதுக்கு மேல குறைச்சா கிட்டாரே கேக்காது, என்கிறான் தார்சிஸ், என் கொழுந்தன், நாளைக்குக் கப்பல் ஏறப் போகிறவன், அண்ணனின் கை அப்படியே வாய்த்தவன், அண்ணன் வாசித்துப் பதிந்திருந்த ஒரே கேசட்டையும் பூஞ்சை தின்றுவிட்டது, இன்றைக்குக் கேட்காவிட்டால் அந்தச் சத்தம் என் தலைக்குள் மட்டும்தான் மிஞ்சும், அங்கேயும் இப்போதெல்லாம் அவர் வாசிக்கிறார், விரல்கள் நகர்கின்றன, ஒலி வருவதில்லை.

பழைய பெட்டி அவரோடு மண்ணுக்குள் இருக்கிறது, நான்தான் வைத்தேன், அலுமினிய டிபன் பாக்ஸில் துளை போட்டு அவர் செய்த ஃபஸ் பெடல் அது, காலால் மிதித்தால் கிட்டாரை உறும வைப்பது, தூத்துக்குடிக் கல்யாண மேடைகளில் அவர் அதை மிதித்ததும் முன்வரிசையில் காதைப் பொத்திக்கொள்வார்கள், யோவ் ரொமால்டு, ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுய்யா, என்று ஒருவர் கத்துவார், கிழிக்கத்தானய்யா கூட்டியாந்திருக்கீங்க, என்று மைக்கிலேயே சொல்வார் இவர், பிறகு குமிழைத் திருப்புவார், பந்தல் அமைதியாகிவிடும், சவப்பெட்டியை மூடும் முன் அதை அவருடைய வலது காலருகே வைத்தேன், கம்பியைச் செருகியபடியே, கம்பி செருகியிருந்தால்தான் அதற்கு உயிர், பேட்டரி ஓடும், உருவினால் நின்றுவிடும், தெரிந்தும் நான் உருவவில்லை, எவ்வளவு காலம் அது மண்ணுக்கடியில் விழித்திருந்ததோ, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது இன்றும் என் பாதத்தில் ஓர் அதிர்வு ஏறுகிறது.

இது புதுப் பெட்டி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் என் மேசையில் நான் செய்தது, அந்தக் காலத்து மின்சுற்று, இந்தக் காலத்து உடம்பு, உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, கிட்டாரின் சின்ன அலையை ஒரு டிரான்சிஸ்டர் பெருக்குகிறது, அடுத்தது இன்னும் பெருக்குகிறது, பேட்டரியால் அதற்கு மேல் கொடுக்க முடியாமல் அலையின் தலை தட்டையாகிறது, அந்தத் தட்டைதான் உறுமல். டிரான்சிஸ்டரை மாற்றினேன், அடாப்டரைக் கழற்றிப் பேட்டரி போட்டேன், ஜெர்மானிய டிரான்சிஸ்டர் சூட்டில் தளரும் என்று மின்விசிறிக்கு நேரே வைத்தேன், எல்லாம் சரி, எதுவும் சரியில்லை. விடுங்க மைனி, அண்ணன் போயாச்சு, காதுதான் நம்மள ஏமாத்துது, என்றான், போனது தெரியும்லா, சத்தம் எங்க போச்சுன்னுதான் தேடுதேன், என்றேன், சொல்லும்போதே பயமாக இருந்தது, ஒருவேளை அந்தச் சத்தத்தையும் நானே புதைத்துவிட்டேனோ.

பெட்டிக்குள் தப்பில்லை என்றால் வெளியே இருக்க வேண்டும், ஸ்பீக்கரிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போகிறேன், ஆம்ப்ளிஃபயர், என் பெட்டி, அதற்கப்பால் கிட்டார் வரவில்லை, வெள்ளையாக இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. இது என்னது. டியூனர் மைனி, அணைச்சுதான் வச்சிருக்கேன். இத எதுக்கு முன்னால வச்ச. சுருதிதான முதல்ல, வேற எங்க வைக்க, என்று சிரிக்கிறான், எங்கள் மேடைகளில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், சுருதி சேராமல் எதுவும் தொடங்காது, அதனால் கம்பி வரிசையிலும் அதற்கே முதலிடம், ரொமால்டு ஆர்மோனியத்தைக் கேட்டுக் காதால் சேர்த்தவர், அவரிடம் இப்படி ஒன்று இருந்ததே இல்லை. அணைத்தாலும் டியூனருக்குள் ஒரு சின்னச் சுற்று விழித்தே இருக்கும், மெலிந்து வருவதை வலுவாக்கித் தள்ளும், நல்ல எண்ணம்தான், ஆனால் இந்தப் பெடலோ கிட்டாருக்குள் அதிர்வை மின்சாரமாக்கும் கம்பிச்சுருளை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியது, குமிழைக் குறைத்தால் இரண்டுக்கும் நடுவே தடை ஏறும், பெடலுக்குள் நுழையும் மின்சாரம் மெலியும், அலையின் தலை தட்டையாகாமல் தப்பும், அதுதான் தெளிவு, நடுவில் டியூனர் நின்றால் பெடலுக்குக் கிட்டார் இருப்பதே தெரியாது.

டியூனரை உருவினேன், கிட்டாரை நேராகப் பெடலில் செருகினேன். வாசி, என்றேன். உறுமியது, அவன் குமிழைத் திருப்பினான், உறுமல் விலகி அந்த மணி வந்தது, அறைக்குள், சாயங்கால வெளிச்சத்தில், என் பெயரைச் சொல்லும் நிதானத்தோடு, தார்சிஸின் கை நின்றுவிட்டது, மைனி, இப்ப வாசிச்சது நான்தானா, என்று கேட்டான், நீதான், நிறுத்தாத, என்றேன், அவன் வாசித்தான், நான் சுவரில் சாய்ந்துகொண்டேன், அவன் முடித்ததும் டியூனரைப் பெடலுக்குப் பின்னால் வைத்தேன், கிட்டாரிலிருந்து வரும் கம்பி நேராகப் பெடலுக்குள் போக வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது.